தாய்லாந்து கை யாங் (சுட்ட கோழி) வீட்டு ஓவனில்: மசாலாவில் எது கட்டாயம், எது விருப்பம்?

புளியமரத்தடி:
தெரிந்தவர்கள் உதவுங்கள். முழுக் கோழி ஒன்றை விரித்து, தாய்லாந்து முறையில் ஊற வைத்து, ஓடிஜியில் (சின்ன மின் ஓவன்) சுட வேண்டும். யூடியூபில் தேடினால் ஆளுக்கொரு மசாலா. ஒருவர் தேங்காய்ப்பால் ஊற்றுகிறார், இன்னொருவர் எலுமிச்சை பிழிகிறார், ஒருவர் மஞ்சள், ஒருவர் ரெட் கறி பேஸ்ட், மற்றொருவர் பாட்டிலில் வருகிற ஸ்வீட் சில்லி சாஸையே கோழி மேல் பூசி ஓவனுக்குள் தள்ளி இதுதான் தாய் சிக்கன் என்கிறார். எது இல்லாவிட்டால் அந்தச் சுவை வராது, எது இல்லாமலும் சமாளிக்கலாம்? ஓடிஜி 40 லிட்டர், மேலும் கீழும் ராடு, ஃபேன் உண்டு. அபார்ட்மெண்ட் என்பதால் கரி அடுப்புக்கு வழியில்லை. பிராய்லர் கோழி, தோலோடு வாங்க முடியும்.

கோன்கேன்வாசி:
முதலில் அந்த ஸ்வீட் சில்லி சாஸை ஓரமாக வையுங்கள். அது தொட்டுக்கொள்ள, தடவ இல்லை.

வேலைக்காகக் கோன் கேனில் சில வருடம் இருந்தவன் நான், அதனால் ஈசான் பக்கத்து முறையைச் சொல்கிறேன். தாய்லாந்தின் வடகிழக்கு, லாவோஸ் எல்லையை ஒட்டிய பகுதிதான் ஈசான், கை யாங் அந்த மண்ணின் சாப்பாடு. மெக்கோங் ஆற்றுக்கு அந்தக் கரையில் லாவோஸ்காரர்களும் இதே கோழியைப் பிங் கை என்ற பெயரில் சுடுகிறார்கள். மசாலாவின் அடித்தளம் மூன்றே பொருள்தான்: கொத்தமல்லி வேர், பூண்டு, வெள்ளை மிளகு. மூன்றையும் உரலில் போட்டு விழுதாக இடித்து, அதில் ஃபிஷ் சாஸும் கொஞ்சம் பனைவெல்லமும் சேர்க்க வேண்டும். மற்றதெல்லாம் கடைக்குக் கடை மாறும். லெமன்கிராஸ் இடித்துப் போடுபவர்கள் உண்டு, நிறத்துக்காகச் சோயா சாஸும் ஆய்ஸ்டர் சாஸும் ஊற்றுபவர்கள் உண்டு, மஞ்சள் தெற்கே அதிகம். ஆனால் அந்த மூன்றை எடுத்துவிட்டால் வேறு ஏதோ ஒரு சுட்ட கோழிதான் கிடைக்கும்.

இன்னொன்று, மசாலாவில் மிளகாய் கிடையாது. நம்மவர்களுக்கு மனசு ஒப்பாத இடம் இதுதான். காரமும் புளிப்பும் ஜேவ் என்கிற, தொட்டுக்கொள்ளும் சட்னியில் வரும். கோழியில் உப்பு, மெல்லிய இனிப்பு, மிளகின் சூடு, பூண்டு மணம், புகை, அவ்வளவுதான் இருக்க வேண்டும். கோழியிலேயே எல்லாச் சுவையையும் ஏற்ற நினைத்தால் ஜேவுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இதற்குப் பேர்போன ஊர்கள் எல்லாம் வண்டி நின்று போகிற ஊர்கள். கோன் கேனிலிருந்து உடோன் தானி போகும் மித்ராபாப் சாலையில் காவ் சுவான் குவாங், பெட்சபுன் மாகாணத்தில் 21ஆம் எண் நெடுஞ்சாலையில் விச்சியன் புரி, சி சா கேட் பக்கம் ரயில் பாதையில் ‘ஹுவாய் தாப் தான்’ என்கிற ஊர். கடைசியாகச் சொன்ன ஊரில் மடான் என்கிற புளிப்புக் காய் மரத்தின் குச்சியைப் பிளந்து அதற்குள் கோழியை இடுக்கிச் சுடுவார்கள். மற்ற இடங்களில் மூங்கில். கோழியைத் தட்டையாக விரித்து, பிளந்த மூங்கிலுக்கு நடுவில் வைத்து, மேல் முனையைக் கட்டிவிடுவார்கள். அடியில் தழல் மட்டும், சுடர் இருக்காது. சாம்பல் பூத்த கரிக்கு மேலே நல்ல உயரத்தில் முக்கால் மணி, ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பி. அந்தப் பொறுமைதான் மசாலாவை விட முக்கியம் என்பது என் கருத்து.

அடுப்படி அக்கா:
கொத்தமல்லி வேர் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் மார்க்கெட்டில் கட்டு வேரோடுதான் வருகிறது! வீட்டுக்கு வந்ததும் வெட்டிக் குப்பையில் போடுகிறோம். இனிமேல் ஒரு விரற்கடை தண்டோடு சேர்த்து வெட்டி, தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, மண்ணை நகத்தால் சுரண்டிக் கழுவி, துடைத்து ஃப்ரீசரில் டப்பாவில் போட்டு வையுங்கள். சேரச் சேர ஒரு கோழிக்கு ஆகும். இலையின் வாசனை சூட்டில் பறந்துவிடும், வேர் அப்படி இல்லை. இடிக்கும்போது மூக்கை வைத்துப் பாருங்கள், மண்வாசமும் லேசாக ஒரு மிளகுத்தனமும் இருக்கும். சூப்பர் மார்க்கெட் கவரில் வருவது வேரை வெட்டியதாக இருக்கும், அதை நம்பாதீர்கள்.

மிக்ஸியில் அரைக்கலாமா என்றால், அரைக்கலாம், ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும், விழுது நீர்த்துப் போகும். சின்ன உரல் இருந்தால் முதலில் மிளகு, அப்புறம் வேர், கடைசியில் பூண்டு. கூட ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டால் வழுக்காமல் இடிபடும்.

சுக்குமல்லி:
எலுமிச்சை வேண்டும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று பார்க்கிறேன். நான் எந்தக் கோழிக்கும் எலுமிச்சையோ தயிரோ போடாமல் ஊற வைத்ததில்லை, புளிப்பு இல்லாமல் கறி எப்படி மெதுவாகும்? மசாலா உள்ளே இறங்க வேண்டாமா?

கோன்கேன்வாசி:
சுக்குமல்லி, நல்ல கேள்வி, ஏனென்றால் பெரும்பாலான சமையல் குறிப்புகள் இங்கேதான் தடுமாறுகின்றன. மசாலாவில் கறிக்குள் ஆழமாக இறங்குவது உப்புதான். பூண்டு, மிளகு, வேர் இவற்றின் மணம் எத்தனை மணி நேரம் ஊறினாலும் தோலிலும் மேல் பரப்பிலும்தான் நிற்கும். அதனால் ஃபிஷ் சாஸின் அளவும் நேரமும் சரியாக இருந்தால் உள்ளே சுவை இருக்கும், கறி ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எலுமிச்சையை ராத்திரி முழுக்க விட்டால் மேல் பரப்பு வெளுத்து மாவு மாதிரி ஆகிவிடும், உள்ளே எதுவும் மெதுவாகாது. தயிர் அவ்வளவு கடுமையில்லை, தந்தூரிக்கு அது பொருத்தம், ஆனால் தோல் மொறுமொறுப்பாக வேண்டும் என்கிற கோழிக்கு ஈரப் பூச்சு எதற்கு? பிராய்லர் ஏற்கெனவே மெதுவான கோழி, அதை இன்னும் மெதுவாக்க வேண்டியதில்லை.

சுக்குமல்லி:
சரி, மாவு மாதிரி ஆவது எனக்கும் தெரியும், நெஞ்சுக்கறியில் வரும். உப்பு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பரிமாறும்போது ஒரு மூடி பிழிவேன்.

கோன்கேன்வாசி:
தாராளமாகப் பிழியுங்கள். அங்கேயும் புளிப்பு சேர்வது அந்த நேரத்தில்தான்.

பீச்ரோடு:
சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தேங்காய்ப்பால் தப்பு என்பது போல இந்த இழை போகிறது, அதில் எனக்கு உடன்பாடில்லை. ஈசான் முறைதான் மூலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாங்காக்கில் தேங்காய்ப்பாலில் ஊற வைத்துச் சுடுபவர்கள் ஏராளம், அங்கே அது யாருக்கும் அந்நியம் இல்லை. இன்னும் தெற்கே பத்தானி, யாலா, நராதிவாத் போனால் மலாய் முஸ்லிம்கள் செய்யும் கை கோலே என்று ஒன்று இருக்கிறது. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பால், புளி எல்லாம் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய சிவப்புக் குழம்பைக் கோழி மேல் பூசிச் சுட்டு, மறுபடி பூசிச் சுட்டு, அந்தக் குழம்பு கோழியோடு ஒட்டிப் படலமாக நிற்கும்வரை செய்வார்கள். அதுவும் தாய்லாந்துதான். ஒரு நாட்டுக்கு ஒரே கோழி என்று எழுதிவிடாதீர்கள்.

இங்கே பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023இல் மூடும்வரை தாய்லாந்துக்காரர்கள் வந்து கூடும் இடமாக இருந்தது, ஹாட் யாய் பஸ் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். கீழ்த்தளக் கடைகளில் ஈசான் சாப்பாடு சாப்பிட்டுத்தான் இந்த ருசி எனக்குப் பழகியது.

கோன்கேன்வாசி:
பீச்ரோடு சொல்வது நியாயம். நான் ஈசானைப் பற்றி மட்டும்தான் பேசினேன். புளியமரத்தடி எந்தப் பக்கத்துக் கோழி வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளட்டும். இரண்டையும் கலந்து பாதி தேங்காய்ப்பால், பாதி ஃபிஷ் சாஸ் என்று போனால்தான் ரெண்டும்கெட்டான் ஆகும்.

புளியமரத்தடி:
ஈசான் முறையே செய்கிறேன். அளவு சொல்லுங்கள். கோழி சுத்தம் செய்த பிறகு 1.2 கிலோ வரும்.

அடுப்படி அக்கா:
1.2 கிலோவுக்கு:

கொத்தமல்லி வேர் 6 முதல் 8, தண்டோடு. பூண்டு நாட்டுப் பூண்டென்றால் 12 பல், பெரிய பல்லென்றால் 7. முழு வெள்ளை மிளகு 2 டீஸ்பூன், இடிப்பதற்கு முன் வெறும் வாணலியில் மணம் வரும்வரை சூடாக்கினால் நல்லது. ஃபிஷ் சாஸ் இரண்டரை மேசைக்கரண்டி. லைட் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி. பனைவெல்லம் ஒன்றரை மேசைக்கரண்டி. எண்ணெய் 1 மேசைக்கரண்டி. லெமன்கிராஸ் வேண்டுமென்றால் ஒரு தண்டின் வெள்ளைப் பகுதி மட்டும், பொடியாக நறுக்கி மற்றதோடு இடியுங்கள்.

தனியாக உப்பு போடவே கூடாது, இடிக்கும்போது போட்ட சிட்டிகையோடு சரி. ஒரு மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸில் அரை டீஸ்பூனுக்கு மேலேயே உப்பு இருக்கிறது.

கடைக்காரரிடம், தோலோட வேணும், முதுகெலும்பை வெட்டி எடுத்துட்டு நெஞ்சுப் பக்கம் விரிச்சுக் குடுங்க என்று சொன்னால் போதும். வீட்டுக்கு வந்து தோல் மேலே இருக்கும்படி பலகையில் வைத்து, நெஞ்சு நடுவில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினால் எலும்பு நறுக்கென்று சத்தம் போட்டுத் தட்டையாகும். மசாலாவைத் தோலுக்கு மேலே தேய்ப்பதை விட, நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலை விட்டுப் பை போலப் பிரித்து உள்ளே தேயுங்கள், தொடையிலும் அப்படியே. விழுது தோலுக்கு அடியில் இருந்தால் கருகாது.

ஸ்கார்பரோகுளிர்:
வணக்கம் அக்கா, நான் கனடாவில். இங்க சுப்பர் மார்க்கெட்டில் வேர் இல்லாத கொத்தமல்லிதான், ஆனால் தமிழ்க் கடையிலும் சீனக் கடையிலும் சில நேரம் வேரோட வரும். கிடைக்காத நாளில் தண்டை மட்டும் இரண்டு மடங்கு எடுத்து இடிக்கிறேன், முக்கால்வாசி வரும். முழுக் கோழிக்குப் பதிலாகத் தொடையும் காலும் சேர்ந்த துண்டு வாங்கினால் வேலை சுலபம், நெஞ்சு காய்ந்துபோகும் என்ற கவலையும் இல்லை. ஒரு சந்தேகம், பனைவெல்லத்துக்குப் பதிலாக எங்கட பனங்கட்டி போடலாமோ? வீட்டில் ஊரிலிருந்து வந்தது இருக்கு.

கோன்கேன்வாசி:
போடலாம், ஆனால் அளவு குறைய வேண்டும். பாங்காக்கிற்குத் தென்மேற்கே பெட்சபுரி என்று ஒரு மாகாணம், அங்கே வயல் வரப்பெல்லாம் பனைமரம், நம்ம மரமேதான். அந்தப் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம் வெளிர் மஞ்சளாக, ஸ்பூனால் வழித்து எடுக்கும் பதத்தில் இருக்கும். தென்னையிலிருந்து எடுப்பதும் உண்டு, கடையில் பனைவெல்லம் என்று கிடைப்பதில் அது நிறைய. நம் கருப்பட்டியும் பனங்கட்டியும் அதைவிட அதிகம் காய்ச்சி இறுகியவை, நிறமும் கசப்பும் கூட. அப்படியே ஒன்றரை மேசைக்கரண்டி போட்டால் கோழியில் கருப்பட்டி மணம் தூக்கி நிற்கும், சீக்கிரம் கருகவும் செய்யும். 1 மேசைக்கரண்டி துருவிப் போடுங்கள், அல்லது பாதி கருப்பட்டி, பாதி நாட்டுச் சர்க்கரை.

மீன்வாசனை:
ஃபிஷ் சாஸ் பாட்டிலைத் திறந்ததுமே வீட்டில் எல்லோரும் ஓடுகிறார்கள். அதை விட்டுவிட்டுச் செய்ய முடியுமா?

பீச்ரோடு:
நெத்திலி மாதிரி சின்ன மீனையும் உப்பையும் ஒரு வருடத்துக்கு மேல் தொட்டியில் ஊறவிட்டு வடித்த சாறு அது, பாட்டிலில் நெடி இருக்கத்தான் செய்யும். ஆனால் ஓவனில் ஒரு மணி நேரம் இருந்த பிறகு மீன் வாசனை என்று யாராலும் சொல்ல முடியாது, கறியின் சுவை கூடினது போல மட்டும் இருக்கும். ஊற வைக்கும் வேலையை வீட்டார் சமையலறையில் இல்லாத நேரத்தில் முடித்துவிடுங்கள். ஒவ்வாமை இருப்பவர்கள் வீட்டில் இருந்தால் அது வேறு விஷயம், அப்போது லைட் சோயா சாஸ் 3 மேசைக்கரண்டியும் கொஞ்சம் உப்பும் போடலாம், ஆய்ஸ்டர் சாஸும் கூடாது. சுவை வேறாகத்தான் இருக்கும். கருவாட்டுத் தண்ணீர் போடலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார், வேண்டவே வேண்டாம், அது வேறு வாசனை.

ராடுசூடு:
ஓவன் பகுதிக்கு நான் வருகிறேன். கரி அடுப்பில் நடப்பது என்ன? குறைந்த சூட்டில் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெல்ல உருகி வடிகிறது, தோல் காய்கிறது, கடைசியில் நிறம் ஏறுகிறது. ஓடிஜியிலும் அதே வரிசையில் நடக்க வேண்டும். எடுத்தவுடன் 220 டிகிரி செல்சியஸில் வைத்தால் வெல்லம் பத்து நிமிடத்தில் கருத்துவிடும், தொடை மூட்டில் ரத்தம் இருக்கும்.

ராத்திரி மசாலா தேய்த்து, மூடாமல், கம்பி ரேக்கில் வைத்து ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டில் வையுங்கள், அடியில் தட்டு இருக்கட்டும். மூடாமல் வைப்பது தோல் காய்வதற்காக. காலையில் தொட்டுப் பார்த்தால் தோல் காகிதம் போல இறுகியிருக்கும், கையில் ஈரம் ஒட்டாது. சுடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து, தோல் மேல் ஒட்டியிருக்கும் பூண்டுத் துணுக்குகளைக் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். சுவையெல்லாம் அடியில் இருக்கிறது, மேலே இருக்கும் துணுக்கு கருகிக் கசப்புதான் தரும்.

ஓடிஜியை 170இல் முன்கூட்டியே சூடேற்றி, இரண்டு ராடும் ஃபேனும் போட்டு, நடுத் தட்டில் கம்பி ரேக், தோல் மேல் பக்கம். கீழே ட்ரேயில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் வடிகிற கொழுப்பும் வெல்லமும் ட்ரேயில் எரிந்து வீடு முழுக்கப் புகையாகும். முதல் 40 நிமிடம் திறக்காதீர்கள். அப்புறம் ஒரு ஸ்பூன் வெல்லம், ஒரு ஸ்பூன் ஃபிஷ் சாஸ், இரண்டு ஸ்பூன் தண்ணீர் கலந்து சூடாக்கி, பிரஷ்ஷால் தோலில் மெலிசாகப் பூசி, 210க்கு ஏற்றி இன்னும் 8 முதல் 12 நிமிடம். இந்தக் கடைசிக் கட்டத்தில் கண்ணாடியை விட்டு நகராதீர்கள், ஒவ்வொரு ஓடிஜிக்கும் சூடு ஒரு மாதிரி. கோழி ஊறின பாத்திரத்தில் மிச்சம் இருக்கும் மசாலாவைப் பூசாதீர்கள், பச்சைக் கோழி பட்டது அது.

நிமிடக் கணக்கை விட ஒரு குத்து தெர்மாமீட்டர் மேல். நெஞ்சின் தடித்த இடத்தில் 74 டிகிரி வந்தால் பாதுகாப்பு. தொடை 80ஐத் தாண்டினால்தான் எலும்பிலிருந்து விட்டு வரும். விரித்த கோழியில் தொடை சூட்டுக்கு நேராக இருப்பதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தயாராகும். எடுத்ததும் 10 நிமிடம் ரேக்கிலேயே விடுங்கள், ஃபாயில் போட்டு மூடினால் தோல் தொய்ந்துவிடும்.

சுக்குமல்லி:
எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கள் வீட்டில் அதைப் பார்த்தாலே தட்டை நகர்த்திவிடுவார்கள்.

ராடுசூடு:
எப்போதும் அப்படி இல்லை. பிராய்லர் இளம் கோழி, எலும்பு முழுக்க இறுகியிருக்காது, மஜ்ஜையின் நிறம் வெளியே கசிந்து கறியில் ஏறும். ஃப்ரீசரில் இருந்த கோழியில் இன்னும் அதிகம். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது, தெர்மாமீட்டரை எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள்.

ஸ்கார்பரோகுளிர்:
கேஸ் பார்பிக்யூ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பக்க பர்னரை மட்டும் எரியவிட்டு, கோழியை மற்றப் பக்கம் வைத்து மூடிவிடுங்கோ. கடைசியில் நெருப்புப் பக்கம் மாற்றித் தோலைச் சிவக்க விடலாம். நேர் நெருப்பில் வைத்தால் கொழுப்பு சொட்டிச் சுடர் எழும்பி எல்லாம் கருகும்.

பனைஓலைப்பெட்டி:
நாட்டுக்கோழியில் செய்யலாமா? ஈசானில் நாட்டுக்கோழிதான் என்று படித்தேன்.

கோன்கேன்வாசி:
அங்கே பெயர் வாங்கிய கடைகளில் சின்னக் கோழி, நாட்டு இனமோ அதன் கலப்போ, ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும், இளசாகவே அறுத்துவிடுவார்கள். நம் ஊரில் குழம்புக்கு வாங்கும் முற்றின கோழியை ஓவனில் வைத்தால் மெல்ல முடியாது. இளங்கோழி என்று கேட்டு வாங்குங்கள். ஒன்று கவனியுங்கள், நம் கடைகளில் நாட்டுக்கோழியை மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டித் தருவார்கள். இதற்கு மஞ்சள் தடவாமல் வாட்டித் தரச் சொல்லுங்கள், வெள்ளை மிளகின் மணம் தெளிவாக நிற்கும்.

காடையும் இந்த மசாலாவுக்கு அருமையாக ஒத்துப்போகும். இரண்டு மணி நேரம் ஊறினால் போதும், சீக்கிரம் வெந்துவிடும்.

அடுப்படி அக்கா:
எல்லோரும் கோழியிலேயே நின்றுவிட்டீர்கள், ஜேவை யார் சொல்வது? அது இல்லாமல் இந்தக் கோழி பாதிதான்.

ஒரு கைப்பிடி ஒட்டரிசியை வெறும் வாணலியில் சின்னத் தீயில் கருஞ்சிவப்பாக வறுங்கள், கால் மணி நேரம் ஆகும், கையை எடுக்காமல் கிளறி, பிறகு பொடிக்க வேண்டும். ஒட்டரிசி இல்லாவிட்டால் பச்சரிசி, ஆனால் இன்னும் நைசாகப் பொடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் கடிபடும். காய்ந்த மிளகாயையும் எண்ணெய் இல்லாமல் கருக விடாமல் வறுத்து ஒன்றிரண்டாகப் பொடியுங்கள். ஃபிஷ் சாஸ் 3 மேசைக்கரண்டி, கெட்டிப் புளிக்கரைசல் 2, பனைவெல்லம் 1, எலுமிச்சைச் சாறு 1, மிளகாய்ப் பொடி 2 டீஸ்பூன், மெல்லிசாக அரிந்த சின்ன வெங்காயம் நாலைந்து, கொத்தமல்லித்தழை. நாக்கில் முதலில் புளிப்பும் உப்பும், பின்னால் காரம், அடியில் கொஞ்சம் இனிப்பு. வேரை வெட்டி எடுத்த அதே கட்டின் இலை இங்கே செலவாகிவிடும்.

சோறு ஒட்டரிசிதான். அசாமின் போரா அரிசி ஆன்லைனில் கிடைக்கிறது, அது ஒட்டும் ரகம். ராத்திரி ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, இட்லிப் பாத்திரத்தில் ஈரத்துணி விரித்து ஆவியில் 25 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். தண்ணீரில் போட்டு வடிக்கக் கூடாது, களியாகிவிடும்.

புளியமரத்தடி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. வேர் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன், வெள்ளை மிளகு வாங்கியாயிற்று. கடைசியாக ஒன்று. மதியம் ஒரு மணிக்கு ஆட்கள் வருகிறார்கள். காலையிலேயே சுட்டு வைத்துச் சூடாக்கலாமா? ஜேவையும் முதல் நாளே கலந்து வைக்கலாமா?

ராடுசூடு:
முதல் கட்டத்தை மட்டும் காலையிலேயே முடித்து வைக்க முடியாது, அரைவேக்காட்டில் கோழியை வெளியே விடக் கூடாது. 11.30க்கு உள்ளே வைத்தால் 12.30க்கு வெளியே வரும், ஆறவிட்டு வெட்ட நேரம் சரியாக இருக்கும். கைப்பொறுக்கும் சூட்டில் சாப்பிடுவதுதான் இதற்கு ருசி, கொதிக்கக் கொதிக்க வேண்டியதில்லை.

அடுப்படி அக்கா:
ஜேவின் புளி, ஃபிஷ் சாஸ், வெல்லம் மூன்றையும் முதல் நாள் கலந்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். எலுமிச்சை, வெங்காயம், தழை அன்றைக்கு. அரிசிப் பொடியைப் பரிமாறும்போதுதான் ஜேவில் தூவ வேண்டும், கொஞ்ச நேரத்திலேயே ஊறிக் கூழாகிவிடும்.